வளையல்காரி ஏறிய வண்டி

1

போன மாதம் எங்களை எல்லாம் அடையாள அட்டைக்குக் கூப்பிட்டார்கள். இங்கே மலாயாவில், ஈப்போ ஊரில், எங்கள் தெருவுக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, சீனப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு போலீஸ்காரர் நின்றார். எனக்குப் போலீஸ்காரர் என்றாலே பயம். மகன் சாமுவேலின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பேத்தி லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்காரப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் சாமுவேல்தான் பதில் சொன்னான். பிறந்த ஊர் சித்தூர் என்றான். அந்தப் பிள்ளைக்கு அது வாயில் நுழையவில்லை. மெட்ராஸ் என்று எழுதிக்கொண்டது. இங்கே எங்கள் எல்லாருக்கும் மெட்ராஸ்தான் ஊர். என்ன தொழில் என்று அடுத்துக் கேட்டது. ஒன்றும் இல்லை, வீட்டில் இருக்கிறார் என்று சாமுவேல் சொன்னான்.

நான் நர்ஸாக இருந்தவள். சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் தொடங்கி, இங்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தலை நரைத்து வெளியே வந்தவள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள். சாமுவேலின் பின்னால் இன்னும் ஒட்டி நின்றேன்.

திரும்பி நடக்கும்போது, "ஏன்டா அப்படி சொன்னே?" என்று கேட்டேன்.

"இப்ப நீ வேலை செய்யலியேம்மா. அந்தக் காலத்து நர்ஸுன்னா இங்க என்னா நெனப்பாங்க? பீச்சட்டி தூக்கறவன்னுதான் நெனப்பாங்க."

"அதையும் தூக்கிக்கினுதான் இருந்தேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். வுடு."

லில்லி இடையில் புகுந்தாள். "பாட்டி, தைரியம் இருக்கறவங்கதான் நர்ஸ் ஆவாங்கன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. நீங்க பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறுறீங்க. யாரைப் பாத்து நர்ஸ் ஆனீங்க?"

சாமுவேல் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. லில்லிக்குத் தமிழில் நீளமாக ஏதாவது சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவாள். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள், சித்தூர் என்றால் எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள். உங்களுக்கு எழுதுகிறேன். நாலாம் வகுப்புப் படிப்பு என்னுடையது. தப்புத் தவறு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் குடும்பம் சித்தூர் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, திருப்பதி ரயில் நிலையத்தில் வேலை கிடைத்ததால் நாங்கள் மூன்று பேரும் அங்கே போய்விட்டோம். கைகாட்டியை இறக்குவது, ஏற்றுவது, அதன் உச்சியில் விளக்கு வைப்பது அவர் வேலை. தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள். அதில் எங்களுடையது கடைசி வீடு.

மலைக்குப் போகிற கூட்டம் ரயில் ரயிலாக வந்து இறங்கும். மொட்டை அடித்துக்கொண்டு திரும்பிப் போகும். கூட்டம் சாமியைத் தேடி வந்தால், கூட்டத்தைத் தேடி நோய் வந்தது. வெயில் ஏற ஏற அம்மை என்ற பேச்சு எழும். எங்கேயோ ஒரு தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வாசலைத் தாண்டும்போது என் அம்மா என் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போவாள்.

அம்மை குத்துகிறவர் வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். என் அம்மா ஈரத்துணியை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருப்பாள். அவர் என் கையில் குத்திவிட்டு அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பியதும் அழுத்தித் துடைத்துவிடுவாள். "மாட்டுச் சீழை எங்கொழந்த ஒடம்புல வுடறான் பாரு!" என்று முணுமுணுப்பாள். அந்த வரிசையில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்தார்கள்.

அம்மையைவிட எங்களுக்குப் பெரிய பயம் கொட்டாய். ஊருக்கு வெளியே, சுவர்ணமுகி ஆற்றுப் பக்கம், அம்மை கண்டவர்களை ஒதுக்கி வைக்கப் போட்டிருந்த கொட்டகை அது. ஆளைக் கொண்டுபோக மாட்டு வண்டி வரும். மற்ற வண்டி மாடுகளின் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள். இந்த வண்டி மாட்டுக்கு மணி கிடையாது. சத்தமில்லாமல் தெருவில் வண்டி வந்து நின்றால் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஏறினவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று பேச்சு. திரும்பி வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதுகு உடைகிறது என்று கத்தினாள். இரண்டொரு நாளில் முகத்தில் மணி மணியாக எழும்பியது. நைனா சிம்னி விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, விளக்கோடு பின்னால் வந்து சுவரில் சாய்ந்தார்.

"வெளிய யார்கிட்டயும் மூச்சு வுடாதே. வேப்பிலை கிப்பிலைன்னு வாசல்ல எதுவும் கட்டக்கூடாது. நம்மது ஜெபம் பண்ற வூடு. சித்தூரு சபைக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்? கட்டினா கொட்டாய் வண்டியும் வந்துடும்" என்றார்.

அவர் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கதவை வெளியே சாத்திவிட்டுப் போய்விடுவார். உள்ளே என் அம்மாவும் நானும்.

3

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே லில்லிக்குக் காய்ச்சல் வந்து, கழுத்தில் சிவப்பு சிவப்பாகத் தடித்துவிட்டது. மூன்று நாள் காகிதத்தைத் தொடவில்லை.

என் மருமகள் நல்லவள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் அறை வாசலில் கையைக் குறுக்கே வைத்து, "அத்தை, நீங்க வயசானவங்க, உங்களுக்கு ஒட்டிக்கும். டாக்டர் வர்றாரு. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

எனக்கு ஒட்டாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தினமும் போல மூன்று மணிக்கு மழை அடித்தது. ரொட்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை முனகினால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். எத்தனை காய்ச்சலைப் பார்த்தவள் நான். பார்த்ததனால் பயம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எது எதுவெல்லாம் நடக்கும் என்று தெரிந்துகொண்டு பயப்படுகிறோம், அவ்வளவுதான்.

டாக்டர் வந்து, வெறும் மணல்வாரி அம்மைதான், பெரிய அம்மை இல்லை, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சமையலறைக்குப் போய் ஒரு பாடு அழுதுவிட்டு அரிசி களைந்தேன்.

4

திருப்பதி வீட்டுக்குத் திரும்பி வருகிறேன்.

என் அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போனது. தண்ணீர் என்பாள். கொண்டுபோனால் தட்டிவிடுவாள். முகத்தைச் சொறியக் கையைத் தூக்குவாள். இரண்டு கையாலும் நான் பிடித்தால் என்னையும் சேர்த்து இழுப்பாள். கை வீங்கிப்போய்க் கண்ணாடி வளையல் சதைக்குள் அழுந்தியிருந்தது. அதை உடைத்து எடுக்கலாம் என்று நைனா ஒருநாள் காலையில் கல்லை எடுத்தார். அதுவரைக்கும் யார் என்று எங்களைத் தெரியாதிருந்தவளுக்கு எங்கிருந்தோ நினைவு வந்துவிட்டது. "நீ உசுரோட இருக்கும்போதே ஒடைக்கிறியா!" என்று ஒரு அலறல். நைனா கல்லைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினார்.

அன்றைக்குத்தான் தெருவில் மங்கம்மாவின் குரல் கேட்டது.

மங்கம்மா வளையல்காரி. தோளில் வளையல் கோத்த கயிறுகளைப் போட்டுக்கொண்டு எங்கள் வரிசைக்கு அடிக்கடி வருவாள். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி பேசுவாள். முகம் முழுக்க அம்மை வடு. அவளைப் போல வடு இருக்கிறவர்கள்தான் அம்மை போட்ட வீட்டுக்குள் போவார்கள். ஒரு தரம் கண்டவர்களை அது மறுபடி தொடாது என்று எல்லாருக்கும் தெரியும். வாசலில் இலையைப் பார்த்தால், யாரும் அழைக்காமலே அவர்களில் ஒருவர் வந்து உட்காருவார். அது அந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் வாசலில்தான் இலை இல்லையே.

"வளையல் வளையல்" என்று அவள் நெருங்கி வருவது கேட்கிறது. ஜன்னல் இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டால் போதும். என்னால் முடியவில்லை. பிறந்ததிலிருந்து நான் யாரையும் கூவிக் கூப்பிட்டதே இல்லை. குரல் எங்களைத் தாண்டிப் போய்த் தேய்ந்து மறைந்தது. என் அம்மா கைகளைத் தூக்கிக் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்கதவு வழியாக வெளியே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. எட்டின கிளையை ஒடித்தேன். முன்பக்கம் வந்து கதவின் நாதாங்கியில் செருகினேன். மறுபடி பின்னால் ஓடி உள்ளே புகுந்து, கதவுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்தேன்.

அந்த இலையை யார் முதலில் பார்ப்பார்கள்? வளையல்காரி இந்த வழியே திரும்பினால் அவள். சுகாதார ஆபீஸ் ஆள் வந்தால் கொட்டாய் வண்டி. நைனா வந்தால் என் முதுகுத் தோல். கூவத் தெரியாதவள் செய்த காரியம் இது. செய்துவிட்டு, எடுத்துவிடலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டம்மா தன் குழந்தைகளைப் பேர் சொல்லி உள்ளே இழுப்பதும், தாழ் போடுவதும் கேட்டது.

அப்புறம் கதவு திறந்தது.

"ஏமே குட்டி, எத்தினி நாளா இப்படி?" மங்கம்மா வளையல் கயிறுகளைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "வாசல்ல ரெண்டு எலையைச் செருகறதுக்கு உங்க சாமி வேணாம்னு சொல்லிச்சா? எல இல்லாத வூட்டுல நான் எப்படி நொழையிறது? கஞ்சி இருக்குதா? வடிச்ச கஞ்சி?"

எடுத்துக் கொடுத்தேன்.

அவள் என் அம்மாவின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மை வீட்டில் எண்ணெய் ஆகாது என்று, குளிர்ந்து கெட்டியான வடிகஞ்சியை மணிக்கட்டில் தடவினாள். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் வளையல் போட்ட கை அல்லவா! கட்டைவிரலை அடியில் கொடுத்து, நாலு விரலையும் குவித்து, கையை ஒரு துணி மாதிரி மடக்கினாள். கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்து ஒவ்வொரு வளையலாக நகர்த்தினாள். என் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"ஒடைக்காதக்கா."

"ஒடைச்சா எனக்குத்தான் யாவாரம், புதுசு வாங்குவே. சும்மா கெட."

"ஒனக்குப் பயமா இல்லியா, எம்மேல கைய வைக்கறியே?"

"எனக்கென்னா? ஆத்தா எம்மூஞ்சில கோலத்துக்குப் புள்ளி வெச்சா. அதுக்குள்ள யாரோ கூப்புட்டாங்கோ, கோலம் போட மறந்துட்டுப் பூட்டா."

என் அம்மாவின் வீங்கின உதடு கொஞ்சம் அசைந்தது. அது சிரிப்பு. வளையல் எல்லாம் உடையாமல் வந்துவிட்டது. மங்கம்மா அந்த இரண்டு கையையும் வலிக்காமல் பிடித்துக்கொண்டு, என்னை ஸ்பூனால் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அன்றைக்குத்தான் என் அம்மா தண்ணீரை விழுங்கினாள்.

நைனா வந்தார். வாசலில் இலையைப் பார்த்தார். உள்ளே மங்கம்மாவைப் பார்த்தார். என்னை அடிக்கக் கை ஓங்கியவர், ஓங்கின கையால் தலைப்பாகையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

5

மறுநாள் மணிச் சத்தமில்லாமல் வண்டி வந்தது.

சுகாதார ஆபீஸ் சேவகர் இறங்காமலே அதட்டினார். ஆளைத் தூக்குங்கள், இல்லாவிட்டால் ரயில்வே பெரிய துரைக்கு எழுதுவோம் என்றார். நைனா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நான் வாசல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். இலையை வைத்தது நான்தானே. என் அம்மாவைப் பாயோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். மங்கம்மா சண்டை போட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள்.

"நுவ்வெந்துக்கு?" என்று சேவகர் கேட்டார். நீ எதற்கு என்று அர்த்தம்.

"நேத்து வளையலைக் கழட்டினேன். திரும்பப் போட வேணாமா?" என்றாள். என்னைப் பார்த்தாள். "ஏறு குட்டி. இங்க ஒன்னை யாரு வெச்சிக்குவாங்கோ?"

நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஏறினேன்.

கொட்டாய் நான் பயந்த மாதிரிதான் இருந்தது. மண் தரை, கீற்றுக் கூரை. படுத்திருந்தவர்களின் நாற்றம் தூரத்திலேயே மூக்கில் அடித்தது. விடியும்போது ஒன்றிரண்டு பாய் சுருட்டியிருக்கும். யார் என்று கேட்கக்கூடாது. ஆனால் அங்கே தண்ணீர் தூக்குகிறவர், துணி வேகவைக்கிறவர், ஈ விரட்டுகிறவர் எல்லாருமே முகத்தில் வடு இருக்கிறவர்கள். துணி வேகவைத்த முனிசாமிக்கு அம்மையில் ஒரு கண் போயிருந்தது. "ஒத்தக் கண்ணுல எல்லாரும் ஒரே அழகுதான்" என்று பாய்களுக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரிவார்.

மங்கம்மா பெரிய தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பொழுது சாய்ந்து ஆற்றுப் பக்கம் நரி ஊளையிட்டால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். செத்தவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஒருதரம் கேட்டேன், பயந்துகொண்டு ஏன் வந்தீர்கள் என்று.

"பயந்துகினேதான் வரேன். நாய் இல்லாத தெருவா பாத்து வளையல் விக்க முடியுமா? கேட்டுகினே நிக்காதே, அந்தப் பாட்டிக்குத் தண்ணி குடு."

கொட்டாயைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. நைனா தினமும் வேலை முடிந்து வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பார். மோர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போவார். "எப்படி இருக்குறா?" என்று கத்துவார். கயிற்றைத் தாண்டி அவர் வந்ததில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். தினமும் வந்தார்.

என் அம்மாவுக்குத் தோல் உதிரத் தொடங்கியபோது நான் அம்மையில் விழுந்தேன். அவளுக்கு வந்ததைவிட எனக்கு அதிகம். இமை ஒட்டிக்கொண்டது. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். யாரோ ஈரத் துணியால் இமையைப் பிரிக்கும்போது மேலே ஒரு முகம் தெரியும். புள்ளி புள்ளியாக இருக்கும். சில நேரம் மங்கம்மா, சில நேரம் முனிசாமி. வடு இல்லாத முகம் எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

எழுந்து உட்கார்ந்த அன்று கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். முனிசாமி துணி மூட்டையோடு போனவர் நின்று, "வா, வா, நீயும் எங்க சாதியில சேந்துட்டே" என்றார். மங்கம்மா கையில் இருந்த சொம்புத் தண்ணீரை அவர் மேல் வீசினாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

என் அம்மாவுக்கு மங்கம்மா அதே வளையல்களைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்த திருவிழாக் கூட்டத்தில் வாந்திபேதி வந்தது. பேதிக்கு அம்மை வடுவைத் தெரியாது. மங்கம்மா அதில் போய்விட்டாள். நைனா வந்து சொன்னபோது என் அம்மா கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

6

இந்த முகத்துக்கு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று அப்போது பேச்சு. நான் பெரியவளானதும் சித்தூரில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே நடமாடுவேன். மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருநாள் எங்கள் சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். அம்மை வார்டுக்கு ஆள் தேவை, அம்மை கண்டவர்களாக இருக்கவேண்டும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்.

"பயம் இருக்கா?" என்று தன் கொச்சைத் தமிழில் கேட்டார்.

"இருக்குதும்மா" என்றேன்.

"எப்போ வருவே?"

"இன்னிக்கே வரேம்மா."

எனக்கே தெரியாமல் வாயில் வந்த பதில் அது. அன்று மாலையே ஒரு தகரப் பெட்டியோடு போனேன்.

வார்டில் எனக்குக் கொடுத்த முதல் ஆள் ராஜம்மா. புத்தூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம்கூட இல்லை. மாமியார் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கொப்புளம் காய்ந்து வருகிறது, உயிருக்கு இனி பயமில்லை என்ற நேரத்தில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கஞ்சி இல்லை, தண்ணீர் இல்லை. "இந்த மூஞ்சோட போயி யார் எதுர்ல நிப்பேன்?" என்று ஒரே ஒரு தரம் சொன்னாளாம். இன்றைக்கும் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை என்றால் தாங்காது என்று சொல்லி டாக்டரம்மா கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வாசலில் நின்றேன். எதற்குப் பயந்து சாகத் துணிந்தாளோ, அது என் முகத்தில் இருக்கிறது. இதைப் பார்த்தால் இன்னும் இறுக்கி மூடிக்கொள்வாள். முந்தானையை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சியை ஸ்பூனால் கலக்கினேன்.

"யாரு?" என்றாள்.

ஒரு ஸ்பூன் கஞ்சியை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன்.

"மூஞ்சிய ஏன் மூடிக்கினு இருக்கே? நான் அவ்ளோ அசிங்கமா இருக்குறனா?"

அப்படி எடுத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. வேறு வழி தெரியாமல் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டேன். ஜன்னல் வெளிச்சம் நேராக என் மேல் விழுந்தது.

அவள் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட இமையைப் பார்த்தாள். என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எழுந்து ஓடிவிடத் தோன்றியது. ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கும் இப்டித்தான் ஆவுமா?"

"ஆவும். இதவிடக் கம்மியா இருக்கலாம். தெரியல."

"வலிக்குமா?"

"இப்ப வலிக்கறதில்ல."

"ராத்திரி தூங்குறியா?"

"தூங்கறேன்."

"ஒன்னை யாராச்சும் கூப்டுறாங்களா, பேசறதுக்கு, சிரிக்கறதுக்கு?"

"இங்க கூப்ட்டாங்க. வந்தேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். கையும் ஸ்பூனும் அப்படியே நின்றன. வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு, கண்ணைத் திறக்காமலே, அவள் வாயைத் திறந்தாள்.